2004 யாங்கீஸ் – ரெட் சாக்ஸ் தொடர்: எந்த நிமிடத்தில் கையை விட்டுப் போனது?

நாலாம்நம்பர்_ரயில்

எல்லோருக்கும் வணக்கம். இருபது வருடத்துக்கு முந்தைய தொடரை இப்போது எதற்குக் கிளறுகிறேன் என்று தோன்றலாம். எனக்கு அது இன்னும் முடியவில்லை, அதனால்தான்.

நான் 1998-இல் நியூயார்க் வந்தேன். அந்த வருடம் யாங்கீஸ், பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸை ஜெயித்தார்கள், அடுத்த வருடமும் ஜெயித்தார்கள், அதற்கடுத்த வருடமும். பேஸ்பால் விதிகளே சரியாகத் தெரியாமல் வந்தவனுக்கு முதல் மூன்று வருடம் இப்படி அமைந்தால் அப்புறம் விட முடியுமா? வேலை முடிந்ததும் நாலாம் நம்பர் ரயிலைப் பிடித்து 161-ஆம் தெருவில் இறங்கி, மேலடுக்கில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து எத்தனையோ ஆட்டங்கள் பார்த்திருக்கிறேன்.

இப்போது மகளுக்குப் பதினைந்து வயது. பள்ளி சாஃப்ட்பால் அணியில் ஷார்ட்ஸ்டாப் ஆடுகிறாள். போன வாரம் 2004 பற்றி எங்கேயோ படித்துவிட்டு வந்து, "அப்பா, மூணு ஆட்டம் ஜெயிச்சாச்சு, நாலாவதுலயும் ஒன்பதாவது இன்னிங்ஸ்ல முன்னால இருந்தீங்க, பந்து ரிவேரா கையில இருந்துது, அப்புறம் எப்படித் தோத்தீங்க?" என்று கேட்டாள். (ரிவேரா, கடைசி இன்னிங்ஸில் பந்து வீசி ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் எங்கள் ஆள்.) சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே வரிசை குழம்பிப்போனது. எங்கே தவறியது என்று ஒரு இடத்தைத் தொட்டுக் காட்ட முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் தொடர், எதிரணி பாஸ்டன் ரெட் சாக்ஸ். ஏழில் நான்கு ஜெயிக்க வேண்டும், ஜெயித்தவர் வேர்ல்ட் சீரீஸுக்குப் போவார். முதல் ஆட்டம் 10–7, இரண்டாவது 3–1, மூன்றாவது பாஸ்டனிலேயே போய் 19–8. மூன்றும் யாங்கீஸுக்கு. அன்று வரை பேஸ்பால் வரலாற்றில் 0–3 என்று பின்தங்கிய எந்த அணியும் ஒரு தொடரை ஜெயித்தது கிடையாது. அதற்குப் பிறகு 6–4, 5–4, 4–2, 10–3. நான்கும் ரெட் சாக்ஸுக்கு. ஏழாவது ஆட்டத்தில் நான் மைதானத்தில் இருந்தேன். அன்று ஆட்டத்தைத் தொடங்கிவைக்கப் பந்து வீசியவர் பக்கி டெண்ட், 1978-இல் ஒரே ஒரு ஹோம் ரன்னால் (நம் சிக்ஸர் போல) பாஸ்டன்காரர்களை அழவைத்தவர். பிடித்தவர் எங்கள் பழைய நட்சத்திரம் யோகி பெர்ரா. பழைய ஆவிகளையெல்லாம் துணைக்கு அழைத்துப் பார்த்தோம். இரண்டாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் 6–0 ஆகிவிட்டது.

என் மனதில் இருக்கும் இடம் ஐந்தாவது ஆட்டம். ஸ்கோர் 4–4, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், முதல் பேஸில் ரூபன் சியரா. டோனி க்ளார்க் வலது மூலையில் ஒன்று அடித்தார். சியரா ஓடிக்கொண்டே இருக்கிறார், கண்டிப்பாக வீடு, அதாவது ஹோம் பேஸ், வந்து சேர்ந்து ரன் எடுத்திருப்பார். ஆனால் பந்து தரையில் குத்தி எழும்பி, இடுப்பளவுகூட இல்லாத அந்தச் சுவரைத் தாண்டிப் பார்வையாளர்கள் நடுவில் போய் விழுந்தது. விதிப்படி எல்லோருக்கும் இரண்டு பேஸ்தான். சியரா மூன்றாவதில் நிற்க வேண்டியதாயிற்று, அடுத்தவர் அவுட். அந்தப் பந்து சுவரில் மோதித் திரும்பியிருந்தால் ஐந்து ஆட்டத்தில் தொடர் முடிந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

உங்களுக்கு எது? பாஸ்டன் ஆட்களும் சொல்லுங்கள். கிண்டல் வேண்டாம், இதை என் பெண்ணுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

---

ஃபென்வே_ஓரம்

கிண்டல் பண்ண மாட்டேன். முந்தைய வருடம், 2003-இல், இதே யாங்கீஸிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றதைப் பார்த்தவன் நான்.

எனக்கு யோசிக்கவே வேண்டாம், டேவ் ராபர்ட்ஸ்தான். அக்டோபர் 17, ஞாயிற்றுக்கிழமை இரவு. நான் அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுப் பெரியவர் ஒருவர், எண்பதை நெருங்கியவர், எங்களைக் கூப்பிட்டுத் தன் டிவியில் பார்க்கச் சொல்வார். அவர் பிறந்ததிலிருந்து ரெட் சாக்ஸ் ஒரு வேர்ல்ட் சீரீஸ்கூட ஜெயித்தது கிடையாது. கடைசியாக ஜெயித்தது 1918. பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்றது அதற்கு அடுத்த வருடம். அவருடைய அப்பா ரூத் பாஸ்டனுக்காகப் பந்து வீசியதை நேரில் பார்த்தவராம்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், 4–3 என்று யாங்கீஸ் முன்னால். ரிவேரா. அவர் எப்பேர்ப்பட்டவர் என்று நாலாம்நம்பருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கெவின் மில்லர் எல்லைக்கு வெளியே வந்த நான்கு பந்தை அடிக்காமல் விட்டு முதல் பேஸுக்குப் போனார். அவருக்குப் பதில் ஓட ராபர்ட்ஸ் வந்தார். ஜூலை 31 அன்று, வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடுவின் கடைசி நாளில், டாட்ஜர்ஸிடமிருந்து வாங்கிய ஆள். அதே நாளில்தான் எங்கள் நட்சத்திரம் நோமார் கார்சியாபாராவை விட்டுக்கொடுத்தார்கள், ஊரே அதைப் பற்றித்தான் பேசியது, ராபர்ட்ஸ் வந்தது யார் கண்ணிலும் படவில்லை.

பந்து அடிபடும் வரை காத்திராமல் அவர் இரண்டாவது பேஸுக்கு ஓடப்போகிறார் என்பது மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ரிவேராவுக்குத் தெரியும், அவர் பந்தைப் பிடிக்கும் போசாடாவுக்குத் தெரியும். ரிவேரா ஒன்று, இரண்டு, மூன்று முறை முதல் பேஸுக்குப் பந்தைத் திருப்பி எறிந்தார். ஒவ்வொரு முறையும் ராபர்ட்ஸ் பாய்ந்து விழுந்து எழுந்தார். அப்புறம் பேட்ஸ்மேனுக்குப் போட்ட முதல் பந்திலேயே ஓடிவிட்டார். போசாடா எறிந்ததும் நல்ல எறிதான், இரண்டாவது பேஸில் ஜீட்டர் தொட்டதும் வேகமாகத்தான் தொட்டார், இடையில் ஒரு கை அளவு இடைவெளி. சேஃப். மூன்றாவது பந்தோ என்னவோ, பில் ம்யூலர் ரிவேராவின் காலடியைக் கடந்து நடுவில் அடித்தார், ராபர்ட்ஸ் வீடு வந்துவிட்டார், 4–4.

அந்தப் பெரியவர் கத்தவில்லை. "இன்னும் முடியல" என்று மட்டும் சொன்னார். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்ட்டிஸ் பந்தை வலது பக்கம் புல்பென்னுக்குள் (மாற்றுப் பந்து வீச்சாளர்கள் காத்திருக்கும் இடம்) அனுப்பியபோது மணி 1:22. வெளியே வந்தால் தெரு முழுக்க விளக்கு எரிகிறது.

ராபர்ட்ஸ் அந்தத் தொடரில் ஒரு முறைகூட மட்டை பிடிக்கவில்லை. ஓடியதோடு சரி. ஓடாமல் இருந்திருந்தால் 4–0, நாங்கள் வீட்டுக்குப் போயிருப்போம், இன்று இந்தக் கேள்வியே இருந்திருக்காது. க்ளார்க் அடித்த பந்து, ஷில்லிங்கின் ரத்தக்கறை சாக்ஸ், மூன்று பேஸிலும் ஆள் நிற்க டேமன் அடித்த கிராண்ட் ஸ்லாம் ஹோம் ரன் எல்லாமே அந்த ஓட்டத்துக்குப் பின்னால் வந்தவைதான்.

---

மெரினா_டு_மிச்சிகன்

நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், பேஸ்பால் மூன்று வருடமாகத்தான் பார்க்கிறேன், ஒன்று புரியவில்லை. 3–0 முன்னால் இருக்கும் அணிக்கு இன்னும் நான்கு வாய்ப்பு இருக்கிறதே. தன் மிகச் சிறந்த பிட்ச்சரையே தினமும் போட்டால் என்ன? டெஸ்டில் ஒருவர் நாள் முழுக்கக்கூடப் பந்து வீசுகிறாரே.

---

நக்கிள்பால்

மிச்சிகன் கேட்ட கேள்வியில்தான் நாலாம்நம்பரின் கேள்விக்கும் பதில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்பாலில் முதலில் பந்து வீச வருபவர் ஆறேழு இன்னிங்ஸ், நூறு பந்துகள் போல வீசுவார். ஒவ்வொன்றும் தோள் கழன்று போகும் வேகம். அதற்குப் பிறகு நான்கு நாள் ஓய்வு. அவர் இறங்கியதும் புல்பென்னில் இருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒன்றிரண்டு இன்னிங்ஸ் பார்த்துக்கொள்வார்கள். இவர்களால் அடுத்தடுத்த நாள் வர முடியும், ஆனால் இன்று நிறைய வீசினால் நாளை கை கனக்கும், நாளை மறுநாள் பந்து நின்று வரும். ஒரு முறை வெளியே எடுத்த பிட்ச்சரைத் திரும்ப அந்த ஆட்டத்துக்குள் கொண்டுவரவும் முடியாது. ஆகவே மேனேஜர் ஒவ்வொரு இரவும் உண்மையில் எண்ணிக்கொண்டிருப்பது ரன்னை அல்ல, யார் கையில் இன்னும் எத்தனை பந்து மிச்சம் இருக்கிறது என்பதை.

இப்போது 2004-க்கு வருகிறேன். மூன்றாவது ஆட்டம் அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை நடக்க வேண்டியது, மழை. சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. அதனால் இடையில் திங்கட்கிழமை இருந்த பயண நாள் போயிற்று. 16-ஆம் தேதி முதல் 20-ஆம் தேதி வரை ஐந்து நாளும் தொடர்ந்து ஆட்டம், ஓய்வே கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மூன்றாவது இன்னிங்ஸ் முடிவில் 6–6. அப்புறம் அணை உடைந்தது. யாங்கீஸின் மட்சுயி ஆறு முறை வந்து ஐந்து முறை அடித்தார், அதில் இரண்டு ஹோம் ரன். பாஸ்டன் பிட்ச்சர்கள் ஒருவர் பின் ஒருவராக உதைபட்டுக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் டெர்ரி ஃப்ராங்கோனாவிடம் இருந்தது இரண்டே வழி. தோற்றுக்கொண்டிருக்கும் இந்த ஆட்டத்துக்கே புல்பென்னின் முக்கியமான ஆட்கள் ஃபோக், டிம்லின், எம்ப்ரீ எல்லோரையும் எரித்துவிடுவது. அல்லது வேறு யாராவது தலையைக் கொடுப்பது.

டிம் வேக்ஃபீல்ட் கொடுத்தார். மறுநாள் நான்காவது ஆட்டத்தைத் தொடங்க வேண்டியவர் அவர்தான். ஒரு பிட்ச்சருக்கு ப்ளேஆஃப் ஆட்டம் ஒன்றைத் தொடங்குவது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். அதை விட்டுவிட்டு ஏற்கெனவே கைவிட்டுப் போன ஆட்டத்தில், நான்காவது இன்னிங்ஸில், தானாக முன்வந்து இறங்கினார். மூன்று இன்னிங்ஸுக்கும் கொஞ்சம் மேலே வீசினார். அடிபட்டார். யாரும் கை தட்டவில்லை. பத்திரிகையில் 19–8 என்று கொட்டை எழுத்து, அவர் பெயர் கணக்கு அட்டையின் நடுவில் எங்கேயோ.

அது யார் செய்தது என்றும் பாருங்கள். ஒரு வருடத்துக்கு முன், 2003, இதே இரண்டு அணி, ஏழாவது ஆட்டம், பதினோராவது இன்னிங்ஸ், வேக்ஃபீல்ட் போட்ட முதல் பந்தை ஆரோன் பூன் வெளியே அடித்தார், சீசன் முடிந்தது. அந்தத் தொடரில் பாஸ்டன் ஜெயித்த மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்துக் கொடுத்ததும் வேக்ஃபீல்ட்தான், அதை யார் நினைத்தார்கள்? 1986 வேர்ல்ட் சீரீஸில் காலிடுக்கில் பந்தை விட்ட பாஸ்டனின் பக்னரை ஊர் என்ன பாடுபடுத்தியது என்று அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவருக்கு மறுபடியும் யாங்கீஸ் எதிரில் நின்று கணக்கைத் தீர்த்துக்கொள்ள ஒரு ஆட்டம் கிடைத்தது, அதைத்தான் எடுத்துக் கொடுத்தார்.

இதனால் என்ன கிடைத்தது என்று பார்ப்போம். நான்காவது ஆட்டத்தை, அதுவரை வரிசையில் இடமே இல்லாமல் இருந்த டெரெக் லோ தொடங்கினார். புல்பென் முழுசாக இருந்தது, ஃபோக்கை ஏழாவது இன்னிங்ஸிலேயே கொண்டுவர முடிந்தது, ஒரு நூலில் தொங்கிக்கொண்டே பன்னிரண்டு இன்னிங்ஸ் தாங்கியது. ராபர்ட்ஸ் ஓடினார், சரி, அருமை. ஆனால் அவர் ஓடும் வரை ஸ்கோரை 4–3-இல் நிறுத்தி வைத்தது யார்? முந்தின நாள் உட்கார்ந்து ஓய்வெடுத்த கைகள்.

அப்புறம் ஐந்தாவது ஆட்டம். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு வீட்டுக்குப் போனவர்கள் அதே நாள் மாலை ஐந்து மணிக்குத் திரும்ப வந்து 5 மணி 49 நிமிடம் ஆடினார்கள். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸிடம் மிச்சம் யார்? வேக்ஃபீல்ட். அவர் வீசுவது நக்கிள்பால், விரல் நகத்தால் பிடித்துச் சுழலவிடாமல் தள்ளும் பந்து, மணிக்கு அறுபத்தைந்து மைல் வேகம் போலத்தான், காற்று எப்படித் தள்ளுகிறதோ அப்படி ஆடி ஆடி வரும். கை அவ்வளவு தேயாது, அதனால் ஒரு நாள் இடைவெளியில் மறுபடி வர முடிந்தது. ஆனால் அதைப் பிடிப்பது நரகம். வழக்கமாக அவருக்குப் பிடிப்பவர் மிராபெல்லி, அன்று பின்னால் இருந்தது வாரிடெக். பதிமூன்றாவது இன்னிங்ஸில் மட்டும் மூன்று பந்து கையைத் தட்டிக்கொண்டு பின்னால் ஓடியது. இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆள். எதிரில் ரூபன் சியரா. இன்னொரு பந்து நழுவினால் ஆட்டம் போயிற்று. அப்படியும் வேக்ஃபீல்ட் வேறு எதற்கும் மாறவில்லை, நக்கிள்பாலையே போட்டு ஸ்ட்ரைக் அவுட் செய்தார். வாரிடெக் அதைப் பிடித்தபோது விட்ட மூச்சு டிவியிலேயே தெரிந்தது. மூன்று இன்னிங்ஸ், ரன் இல்லை. பதினான்காவதில் ஓர்ட்டிஸ், யாங்கீஸ் பிட்ச்சர் லோவாய்ஸாவோடு பத்துப் பந்து மல்லுக்கட்டி நடுவில் தூக்கிப் போட்டார், டேமன் வீடு வந்தார். ஜெயித்த பிட்ச்சர் என்று பதிவானது வேக்ஃபீல்ட் பெயர்.

லோவும் அதே கதைதான். நான்காவது ஆட்டம் ஆடி இரண்டே நாள் ஓய்வில் ஏழாவது ஆட்டத்துக்கு வந்து, யாங்கீ ஸ்டேடியத்தில் ஆறு இன்னிங்ஸ், ஒரே ஒரு ஹிட். வேக்ஃபீல்ட் இடம் கொடுத்திருக்காவிட்டால் அவர் எங்கே இருந்திருப்பார்?

அதனால் உங்கள் பெண்ணுக்கு நான் சொல்வது இது: தொடர் கைமாறியது யாங்கீஸ் 19 ரன் அடித்த இரவில். ஒருவரும் பார்க்காத நேரத்தில்.

வேக்ஃபீல்ட் 2023 அக்டோபர் 1 அன்று இறந்தார், மூளையில் புற்றுநோய், வயது 57. செய்தி வந்த அன்று எல்லோரும் அவருடைய வெற்றிக் கணக்கை எழுதினார்கள். நான் அந்த மூன்றாவது ஆட்டத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.

---

மேலடுக்கு_இருக்கை

நானும் யாங்கீஸ்தான், குயின்ஸில் இருக்கிறேன். நக்கிள்பால் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டச்சு செய்யத் தோன்றவில்லை. ஆனால் ரிவேரா பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் அவர் எப்போதும் தோற்றவராகவே நிற்கிறார்.

அந்தத் தொடர் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால்தான் பனாமாவில் அவர் வீட்டு நீச்சல் குளத்தில் மின்சாரம் பாய்ந்து மனைவி வழி உறவினர் இரண்டு பேர் இறந்துபோனார்கள். முதல் ஆட்டம் நடந்த நாளன்று அவர் பனாமாவில் இறுதிச் சடங்கில் இருந்தார். அங்கிருந்து விமானம் ஏறி, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மைதானத்துக்கு வந்து சேர்ந்து, எட்டாவது இன்னிங்ஸில் இறங்கி ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். நான்காவது ஆட்டத்தில் அவரை எட்டாவது இன்னிங்ஸிலிருந்தே போட வைத்தோம், இரண்டு இன்னிங்ஸ். மறுநாளே மறுபடியும் கூப்பிட்டோம், அதுவும் நம் இன்னொரு பிட்ச்சர் கார்டன் ஏற்கெனவே முதல் பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆளை நிறுத்திவைத்துவிட்டுப் போன நிலையில், ஒருவரும் அவுட் இல்லை. வாரிடெக் தூக்கி அடித்ததில் ஒரு ரன் வந்தது, அவ்வளவுதான். இதை அவர் கைவிட்டதாகக் கணக்கு எழுதுவது எனக்கு எப்போதும் வலிக்கும். மூன்றாவது பேஸில் அன்றும் நின்றவர் அதே டேவ் ராபர்ட்ஸ்.

என் பதில் வேறு. நாம் 2004 அக்டோபரில் தோற்கவில்லை, 2003 குளிர்காலத்தில் தோற்றோம். பிட்ச்சர் ஆண்டி பெட்டிட்டை ஹூஸ்டனுக்குப் போகவிட்டோம். ரோஜர் க்ளெமென்ஸும் அங்கேயே போனார். பதிலுக்கு வந்த கெவின் பிரவுன் செப்டம்பரில் கோபத்தில் சுவரைக் குத்திக் கையை உடைத்துக்கொண்டவர். பாஸ்டன் அதே குளிர்காலத்தில் கர்ட் ஷில்லிங்கையும் ஃபோக்கையும் வாங்கியது. நாம் மட்டையாளராகத் தேடித் தேடி வாங்கினோம், ஏ-ராட் (அலெக்ஸ் ரோட்ரிகஸ்) உட்பட. அவரைக்கூட முதலில் பாஸ்டன்தான் வாங்கப் பார்த்தது, சம்பளத்தைக் குறைக்க வீரர்கள் சங்கம் ஒப்பாததால் நின்றுபோனது. பூன் கூடைப்பந்து ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டதால் நமக்கு மூன்றாவது பேஸுக்கு ஆள் தேவைப்பட்டது. இப்படித்தான் வந்தார்.

விளைவு என்ன? ஏழாவது ஆட்டத்தில், ஒரு சீசன் முழுக்க உழைத்த பிறகு, வீட்டு மைதானத்தில் நம்மிடம் மிச்சம் இருந்தவர் பிரவுன். இரண்டாவது இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை. மூன்று பேஸிலும் ஆள் நிற்க, அவருக்குப் பதில் வீச வாஸ்கெஸை அழைத்தோம், முதல் பந்திலேயே டேமன் கிராண்ட் ஸ்லாம். நக்கிள்பால் சொன்ன அதே கணக்குதான், யார் கையில் எத்தனை பந்து மிச்சம். அவர்கள் சனிக்கிழமை சேமித்தார்கள், நாம் போன குளிர்காலத்திலேயே செலவழித்திருந்தோம்.

இன்னொன்றும் சொல்கிறேன், எனக்குப் பிடிக்காத விஷயம்தான். ஆறாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், ஏ-ராட் முதல் பேஸுக்கு ஓடும்போது பாஸ்டன் பிட்ச்சர் அரோயோவின் கையுறையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார். முதலில் ஜீட்டர் ரன் எடுத்ததாகக் கொடுத்தார்கள், பிறகு அம்பயர்கள் கூடிப் பேசித் திருத்தினார்கள். அது சரியான தீர்ப்பு. அதற்கு முன் பாஸ்டனின் பெல்ஹார்ன் அடித்தது பார்வையாளர் மார்பில் பட்டுத் திரும்பியதை முதலில் இரண்டு பேஸ் என்று சொல்லி, அப்புறம் ஹோம் ரன் என்று மாற்றினார்களே, அதுவும் சரியான தீர்ப்பு. அன்று மைதானத்துக்குள் பொருட்களை எறிந்தவர்கள் நம் ஆட்கள், கலவரத் தடுப்புப் போலீஸ் வந்து கோட்டோரம் மண்டியிட்டு உட்கார வேண்டியதாயிற்று. ஷில்லிங் கணுக்காலில் தையல் போட்டு, சாக்ஸில் ரத்தம் கசியக் கசிய ஏழு இன்னிங்ஸ் வீசிய இரவு அது. நாம் அவர் பக்கம் ஒரு பன்ட்கூட, அதாவது அவர் ஓடி எடுக்கும்படி மெல்லத் தட்டிவிடும் பந்து, வைத்துப் பார்க்கவில்லை. காயம்பட்ட காலை ஓடவிட வேண்டாம் என்று விட்டோமோ, தோன்றவே இல்லையோ, எப்படியிருந்தாலும் அதில் எனக்கு வருத்தம் இல்லை. பந்தைத் தட்டிவிட்டதில்தான் வருத்தம்.

---

ஃபென்வே_ஓரம்

மேலடுக்கு, ரிவேரா பற்றி நீங்கள் எழுதியதற்கு நன்றி. 2005 ஏப்ரலில் எங்கள் ஃபென்வே மைதானத்தில் வேர்ல்ட் சீரீஸ் மோதிரம் கொடுத்த நாள், எதிரணியாக வந்திருந்தது யாங்கீஸ்தான். ரிவேரா பெயரை அறிவித்ததும் பாஸ்டன் கூட்டம் முழுக்க எழுந்து ஆரவாரம் செய்தது. அவர் சிரித்துக்கொண்டே தொப்பியைத் தூக்கிக் காட்டினார். அன்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அந்த ஆரவாரத்தில் குத்தல் இருந்தது, மறுக்கவில்லை. அவர் சிரித்த பிறகு அது போய்விட்டது.

நக்கிள்பாலுக்கு: இருபது வருடமாக ராபர்ட்ஸ் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன், இப்போது மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது ஆட்டத்தை நாங்கள் முழுசாகப் பார்க்கவே இல்லை. 9–6 ஆனதும் பெரியவர் டிவியை அணைத்துவிட்டார். வேக்ஃபீல்ட் வீசியதை நான் பார்த்ததே கிடையாது.

அந்தப் பெரியவர் கதையையும் முடித்துவிடுகிறேன். வேர்ல்ட் சீரீஸில் செயின்ட் லூயிஸை நான்கு ஆட்டத்தில் முடித்த மறுநாள், அக்டோபர் 28, காலையில் அவர் அன்றைய செய்தித்தாளை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். அப்பாவின் கல்லறைக்கு என்றார். அந்த வாரம் ஊரில் நிறையப் பேர் அப்படிச் செய்தார்கள்.

---

மெரினா_டு_மிச்சிகன்

நக்கிள்பால் சாருக்கு நன்றி, இப்போது புரிகிறது. அப்படியென்றால் 2024 வேர்ல்ட் சீரீஸில் யாங்கீஸை ஜெயித்த டாட்ஜர்ஸின் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் என்பவர் இவர்தானா? எதிரணி மேனேஜர் ஆரோன் பூன், 2003-இல் வேக்ஃபீல்டை அடித்தவர்?

---

நக்கிள்பால்

அவர்களேதான் தம்பி. அந்தத் தொடரிலும் 3–0 என்று வந்து நின்றது, இந்த முறை பின்னால் இருந்தது யாங்கீஸ். நான்காவது ஆட்டத்தை 11–4 என்று ஜெயித்ததும் எல்லோருக்கும் 2004 ஞாபகம் வந்தது. ஐந்தாவதில் ஐந்து ரன் முன்னால் இருந்து விட்டுவிட்டார்கள். 0–3-இலிருந்து தொடரை ஜெயித்தது இன்னமும் ஒரே ஓர் அணிதான். 2020-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் ஏழாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு வந்தார்கள், அத்தோடு சரி.

---

நாலாம்நம்பர்_ரயில்

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். அப்பாவின் கல்லறை என்ற இடத்தில் என்னால் தொடர்ந்து படிக்க முடியவில்லை, அவள் வாங்கிப் படித்தாள்.

என் க்ளார்க் பந்தை நான் இன்னும் விடவில்லை. அது சுவருக்குள் நின்றிருந்தால் பதினான்காவது இன்னிங்ஸும் இல்லை, வேக்ஃபீல்ட் இறங்கியிருக்கவும் வேண்டாம். ஆனால் நக்கிள்பால் சொன்ன பிறகு இன்னொன்று உறைத்தது. 19–8 இரவில் நான் சந்தோஷமாகத் தூங்கப் போனேன், ஆறாவது இன்னிங்ஸோடு. எதிரணி பிட்ச்சர் ஏன் இவ்வளவு நேரம் வீசுகிறார் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எண்ண வேண்டியதை எண்ணாமல் ரன்னை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நேற்று இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த மூன்றாவது ஆட்டத்தைப் பார்த்தோம். வேக்ஃபீல்ட் வந்ததும் அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் அணியிலும் ஒரு பெண் இருக்கிறாளாம், தோற்கும் ஆட்டம் என்று தெரிந்துவிட்டால் பயிற்சியாளர் அவளைத்தான் அனுப்புவாராம். அந்தப் பெண்ணுக்கு இதைக் காட்டப் போகிறேன் என்றாள்.

இன்று இரவு ஐந்தாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் க்ளார்க் அடிக்கும்போது மட்டும் நிறுத்தி, அந்தச் சுவர் எவ்வளவு தாழ்வு என்று அவளுக்குக் காட்ட வேண்டும்.